மாப்பிள்ளை வீட்டுக் குழாயும் சதுரப் பனியும்

கிள்ளான்,
மார்கழிக் கடைசி வாரம்.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சிவேந்திரன் அவர்களுக்கு,

கிள்ளானிலிருந்து உங்கள் மாமனார் பழனியப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். வியர்த்து வழிந்துகொண்டே நலம். அங்கே லீட்ஸில் நீங்களும் அமுதவள்ளியும், அவள் வயிற்றில் ஏழாம் மாதத்தை எட்டிவிட்ட எங்கள் பேரப்பிள்ளையும் நலமாக, அதைவிட முக்கியமாகச் சூடாக, இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். போனில் பேசாமல் இவர் எதற்குக் காகிதத்தைக் கையில் எடுத்தார் என்று நீங்கள் நினைக்கலாம். போனில் நான் 'பாய்லர்' என்று வாயெடுத்தாலே உங்கள் அத்தை சீதாலெட்சுமி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அமுதா காலுக்குச் சாக்ஸ் போட்டிருக்கிறாளா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறாள். சாக்ஸிலிருந்து பேச்சு சாப்பாட்டுக்குப் போய், சாப்பாட்டிலிருந்து பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போய், குழாய் அப்படியே நின்றுவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். கூடவே ஒரு பார்சலும் வருகிறது. அதில் கறுப்பாக, நீளமாக, சுருண்டு கிடப்பதைப் பார்த்து மாமனார் பாம்பு அனுப்பியிருக்கிறார் என்று பயந்துவிட வேண்டாம். அது என்னவென்று பின்னால் சொல்கிறேன்.

அன்று நடந்தது உங்களுக்கு உங்கள் பக்கத்திலிருந்துதான் தெரியும். எங்கள் பக்கத்திலிருந்தும் கேளுங்கள். உங்களுக்குக் காலை, எங்களுக்குத் தேநீர் வேளை. நான் வாழைப்பழம் பொரித்த பீசாங் கோரெங் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன் அடிக்கிறது. திரையில் அமுதா. தலையில் கம்பளித் தொப்பி, தோளில் கட்டில் போர்வை, வீட்டுக்குள்ளேயே வாயிலிருந்து புகை. அது மூச்சு என்று உங்கள் அத்தைக்குத் தெரியவில்லை. பிள்ளை அடுப்பு மூட்டிக் குளிர் காய்கிறாள் என்று நினைத்துவிட்டாள். ஹீட்டிங் நின்றுபோய்விட்டதென்று அமுதா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் அந்தச் சிரிப்பு நடுங்கியது. பாய்லர் விடியற்காலையில் கொடகொடவென்று சத்தம் போட்டதாம், பிறகு முகப்பில் ஏதோ ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டு மௌனமாகிவிட்டதாம், வெளிச்சுவரில் போகும் குழாய் உறைந்துவிட்டதாம். அவள் தோளுக்குப் பின்னால் ஜன்னல் வழியே உங்களையும் பார்த்தேன் மாப்பிள்ளை. படித்த பிள்ளை, பெரிய மருந்துக்கடையில் பொறுப்பான உத்தியோகம், கையில் கெட்டிலை வைத்துக்கொண்டு சுவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். நான் சிரிக்கவில்லை. மரியாதையோடுதான் பார்த்தேன். அன்று பாய்லர் ஓடியது, மறுநாள் மறுபடி நின்றது, நீங்கள் மறுபடி ஊற்றினீர்கள், அடுத்த வாரமும் அதே கதை.

உங்கள் அத்தைக்கு உடனே கவலை வந்துவிட்டது. எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் வந்தது ஆர்வம்; கவலை அதன் பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்துகொண்டது. நெருப்பு எரிகிற பெட்டி எப்படி ஐயா ஐஸ் கட்டி நிற்கும்? நான் பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தே ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். வாத்தியார்கள் மாணவர்களுக்குப் பதில்களைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சோதனைக் குழாய்களைக் கழுவுகிற எனக்குக் கேள்விகள் மட்டும் மிச்சம் கிடைக்கும். அந்தப் பழக்கம் பென்ஷன் வாங்கியும் போகவில்லை. ஒரு கேள்வி தலைக்குள் நுழைந்துவிட்டால் அன்று எனக்குச் சோற்றில் உப்பு இருக்கிறதா என்பதுகூடத் தெரியாது.

ஆனால் இது வெறும் ஆர்வம் தீர்க்கிற விஷயமில்லை என்பதை அன்று சாயங்காலமே உங்கள் அத்தை தெளிவாக்கிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எழுதப்படாத சட்டம். உங்கள் இருவர் விருப்பத்துக்காக அவள் அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தி, நாங்களே அங்கே வந்து பிரசவம் பார்ப்பதென்று அரைமனதாகச் சம்மதித்திருந்தாள். குழாய் உறைந்ததும் அந்த அரைமனதும் உறைந்துவிட்டது. வயிறு இன்னும் கொஞ்சம் பெரிதானால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அதற்கு முன்னால் நான் போய் என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன், பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டச் சுடுதண்ணீர் இல்லாத வீட்டில் என் மகள் பெற்றெடுக்க வேண்டியதில்லை என்று சொல்லி, பெட்டியை அலமாரிக்கு மேலிருந்து இறக்கியும் வைத்துவிட்டாள். அந்தப் பெட்டி இப்போது கூடத்தின் நடுவில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. நான் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது.

மறுநாள் அத்தை காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்த சமயம் பார்த்து அமுதா என்னைத் தனியாகப் போனில் அழைத்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் கேட்க வேண்டிய வார்த்தை அது. "எனக்கு அங்க வர ஆசை இல்லன்னு இல்லப்பா. ஆனா பிள்ளை பொறக்கும்போது இவரு பக்கத்துல இருக்கணும். அங்க வந்துட்டா இவரு போன்லதான் பாப்பாரு. நீங்கதான்பா அம்மாகிட்ட எப்படியாச்சும் பேசணும்." சிறு வயதில் கைதொலைபேசி கேட்டபோதுகூட அவள் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. நான் பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அத்தை திரும்பி வந்ததும் சமாதானமாகப் பேச்சை எடுத்தேன். குழாய்க்கு வழி பண்ணிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே ஒரு நிபந்தனை போட்டாள். "அந்தப் பைப்பு ஏன் உறையுதுன்னு நீங்க கண்டுபுடிங்க. இனிமே உறையாதுன்னு எனக்கு நம்பிக்கை வர்ற மாதிரி எழுதிக் காட்டுங்க. அப்புறம் அவ அங்கேயே இருக்கட்டும். இல்லன்னா நான் டிக்கெட் போட்டுருவேன் லா." அதனால் மாப்பிள்ளை, உங்களுக்கு எழுதுகிற இந்தக் கடிதத்தை அத்தையும் படிப்பாள். அவள் படித்து முடித்துத் தலையாட்டினால்தான் பெட்டி மறுபடி அலமாரிக்கு மேலே போகும்.

முதலில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தேன், இணையத்திலும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு அந்தப் பெட்டியின் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. பழைய பாய்லர்கள் கேஸை எரித்துச் சூட்டை எடுத்துக்கொண்டு புகையை அப்படியே வெளியே விட்டுவிடுமாம். உங்கள் வீட்டிலிருப்பது அப்படியில்லை. புகையையும் பிடித்து நிறுத்தி, அதிலிருக்கும் கடைசிச் சூட்டையும் பிழிந்துவிட்டுத்தான் வெளியே அனுப்புகிறது. சூட்டை இழந்த புகையிலிருக்கும் ஆவி, சோற்றுப்பானை மூடியில் வேர்ப்பதைப்போல நீராகி வடிகிறது. அந்த நீர் போகத்தான் அந்த வெளிக்குழாய். அது உறைந்து அடைத்துக்கொண்டால் நீர் திரும்பி உள்ளே ஏறுகிறது, பெட்டி கொடகொடவென்று அவஸ்தைப்படுகிறது, இனி எரிந்தால் ஆபத்து என்று தானே நின்றுவிடுகிறது. நீர் பிரியாமல் ஆள் படுகிற பாடு என் வயது வந்தால் உங்களுக்கும் புரியும். அந்த நீர் கொஞ்சம் புளிப்பானது என்பதும் எனக்குப் புதுச் செய்தி. புகையிலிருக்கும் அமிலம் அதில் கரைந்திருக்கிறதாம். செடிகொடிகளுக்கு ஊற்றாமல் சாக்கடைக்கு விடுவதே நல்லது என்று போட்டிருந்தது.

நம் ஊர் ஏர்கோனுக்கும் இதற்கும் என்ன ஒற்றுமை பாருங்கள். இங்கே அறையைக் குளிராக்குகிற பெட்டி தண்ணீர் சொட்டுகிறது, அங்கே அறையைச் சூடாக்குகிற பெட்டி தண்ணீர் சொட்டுகிறது. ஒன்று சாதுத் தண்ணீர், மற்றது புளித்த தண்ணீர், அவ்வளவுதான். எங்கள் படுக்கையறை ஏர்கோன் தண்ணீரை உங்கள் அத்தை ஒரு சொட்டு விடமாட்டாள். குழாய் வாய்க்கு அடியில் எதையாவது வைத்துப் பிடித்து, கறிவேப்பிலை மரத்துக்கு ஊற்றிவிடுவாள். இந்த வட்டாரத்தில் அடிக்கடி தண்ணீர் வெட்டு வருமே, அதில் பழகிய பழக்கம். தண்ணீர் சும்மா ஓடுகிற சத்தம் கேட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அது நிற்க, போன ஜூலையில் அவள் உங்கள் புது வீட்டுக்கு வந்து தங்கியிருந்தபோது ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கி வைத்தாளே, அது எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னாள். இலை மஞ்சளாகிவிட்டதென்று அமுதா முன்பு சொன்ன ஞாபகம். குளிராகத்தான் இருக்கும்.

இனி நீங்கள் அனுப்பிய குழாயின் புகைப்படத்துக்கு வருகிறேன். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, என் கண்ணே குழாயாகிவிட்டது. வெள்ளைக் குழாய் சுவரை விட்டு வெளியே வந்து, கீழே இறங்கி, சுவரோரமாகவே நீளமாக ஓடி, குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் சாக்கடை வாய்க்கு மேலே முடிகிறது. மெல்லிய குழாய், அதிகச் சரிவும் இல்லை, மேலே உறையும் இல்லை. இதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. எல்லா இடத்திலும் பனி பஞ்சு மாதிரி உருண்டு திரண்டு கிடக்கிறது. குழாயின் நுனி மறைகிற இடத்தில் மட்டும், அந்தத் தொட்டிகளின் நிழலில், பனி சதுரமாக எழும்பி நிற்கிறது. மூலைகள்கூட இருக்கின்றன. குழாய் நீர் சொட்டுகிற இடத்தில் பனி சதுரமாகக் கட்டும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. நேரம் கிடைக்கும்போது ஒரு குச்சியால் குத்திப் பார்த்து எழுதவும். அத்தையைப் பார்க்கச் சொன்னேன். அந்தக் குழாய் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

பார்த்தது போதாது, செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் ஆய்வுக்கூடத்தின் முதல் பாடம். ஹார்ட்வேர் கடையில் மெல்லிய குழாய் ஒன்று, தடித்த குழாய் ஒன்று வாங்கி வந்தேன். மெல்லியதை நம் வீட்டு ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் வைத்து, ஒரு நுனியைக் கதவு வழியாக வெளியே நீட்டி, சொட்டுச் சொட்டாக நீர் விட்டேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அத்தை வாரம் முழுவதுக்கும் வாங்கி வைத்திருந்த தெங்கிரி மீனின் ஐஸ் கரைந்து, அந்தத் தண்ணீர் கீழ்த்தட்டில் தோசை மாவுக்குள் இறங்கிவிட்டது. அந்த மாவில் சுட்ட தோசையை அவள் எனக்கு மட்டும் வைத்தாள். நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

பிறகுதான் பண்டமாரானில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஜெயராஜ் நினைவுக்கு வந்தார். அவரிடம் பெரிய குளிர் அறை இருக்கிறது, லீட்ஸைவிடக் கடுமையான குளிர். விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, வெயில் அதிகமாகத்தான் இருக்கிறது என்றார். அமுதாவின் பிரசவ விஷயத்தைச் சொன்ன பிறகு மனமிரங்கி ஒரு மூலையைக் கொடுத்தார். குளிருக்கு என்னிடம் இருந்ததோ உங்கள் கல்யாண வரவேற்புக்குத் தைத்த கோட்டு ஒன்றுதான். அதைப் போட்டு, கேமரன் மலையில் வாங்கிய குரங்குக் குல்லாயை மாட்டி, அத்தையின் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கறுப்புக் கோட்டோடு ஐஸ் வைத்த சூறை மீன்களுக்கு நடுவே போய் நின்றேன். வேலையாட்கள் படம் எடுத்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த ஆள் வழிதவறிவிட்டார் என்று ஒருவர் சொன்னதும் காதில் விழுந்தது.

இரண்டு குழாய்களையும் பலகையில் கட்டி, மேலே இரண்டு போத்தல்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மெல்லிய ரப்பர்க் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக வெதுவெதுப்பான நீர் இறங்கும்படி செய்தேன். நான் தேநீர் குடிக்க வெளியே போயிருந்த நேரம் பார்த்து ஜெயராஜின் பெரிய வாடிக்கையாளர் ஒருவர், உணவகக்காரர், மீனைப் பார்க்க உள்ளே வந்திருக்கிறார். தலைகீழ்ப் போத்தல், ரப்பர்க் குழாய், கீழே வரிசையாக மீன். சத்தமில்லாமல் வெளியே வந்து, இங்கே செத்த மீனுக்கு டிரிப் ஏற்றிப் புதுசு மாதிரி காட்டுகிறார்கள் என்று பாசார் முழுக்கச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் ஜெயராஜ் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அங்கிள், உங்க மக நல்லா இருக்கணும், நான் கும்புட்டுக்கறேன். ஆனா உங்க பைப்ப எடுத்துட்டுப் போயிருங்க." பிறகு நானே அவரோடு கடை கடையாகப் போய், நோயாளி மீனில்லை, லீட்ஸிலிருக்கும் பாய்லர் என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. சிலர் நம்பினார்கள். சிலர் அதற்குப் பிறகு இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட்டார்கள்.

ஆனாலும் சோதனை பலித்தது மாப்பிள்ளை. அந்தக் குளிரில் எதுவும் கடைசிவரை தாங்காது என்பது தெரிந்ததுதான், யார் முதலில் விழுகிறார் என்பதே கேள்வி. மெல்லிய குழாயில் ஒவ்வொரு சொட்டும் அடுத்த சொட்டுக்காகக் காத்திருக்கும்போதே ஐஸாகி, கொஞ்ச நேரத்தில் வாயை மூடிக்கொண்டது. தடித்த குழாயில் நீர் வெகுநேரம் வழி கண்டுபிடித்துப் போய்க்கொண்டிருந்தது. பலகையை ஒருபக்கம் தூக்கிச் சரிவைக் கூட்டியதும் இன்னும் நன்றாக ஓடியது. கறுப்பு ரப்பர் உறை போட்டதும் அதைவிடத் தாங்கியது. சொட்டாக விடாமல் ஒரு குவளை நீரை ஒரே மடக்காக விட்டுப் பார்த்தேன், உறைய அவகாசமே இல்லாமல் ஓடிப்போய்விட்டது. அங்கே நின்று கைதட்டினேன். கைதட்டியது கையுறை இல்லாமல், அதனால் விரல்களுக்கு உணர்வு திரும்ப வெகுநேரமாயிற்று.

இதற்கிடையில், மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு உங்கள் தகப்பனார், சம்பந்தி விநாயகமூர்த்தி அவர்களையும் போய்ப் பார்த்தேன். இளவயதில் இங்கிலாந்தில் படித்தவர், குளிரைப் பற்றி அவருக்குத் தெரியாததா. அவர் என் கோட்டிலிருந்து மீன் வாசனை வருவதைக் கவனித்தும் கவனிக்காததுபோல் ஜன்னலைத் திறந்துவைத்தார். தாம் படித்த காலத்தில் ஹீட்டரே கிடையாது என்றும், குளிர் மனதில்தான் இருக்கிறது என்றும் சொன்னார். மனதில் இருப்பது சரி, குழாயில் இருப்பதை என்ன செய்வது என்று கேட்டேன். பதிலுக்குப் பலகாரம் வந்தது. சதுரப் பனியின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்துவிட்டு, "அது இங்கிலாந்து. அங்க எல்லாமே ஒரு ஒழுங்குக்குள்ளதான் இருக்கும், பனி உட்பட," என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. பெண்ணைக் கொடுத்த இடம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. மறுபடி உறைந்தால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றாதீர்கள், குழாய் வெடித்துவிடும், வழியும் தண்ணீர் தரையில் உறைந்து அமுதா வழுக்கி விழுந்துவிடுவாள். கைபொறுக்கிற சூட்டில் ஊற்றுங்கள், அல்லது வெந்நீர்ப் பையை வளைவான இடத்தில் வைத்துக் கட்டுங்கள். பாய்லர் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம், அதற்கு உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். அவர் வரும்போது, வெளியே ஓடுகிற குழாயைத் தடித்ததாக மாற்றி, முடிந்தவரை குட்டையாக்கி, நல்ல சரிவு வைக்கச் சொல்லுங்கள். சுவருக்கு உள்ளேயே கொண்டுபோய்ச் சமையலறைக் கழிவுக் குழாயில் சேர்க்க முடியுமானால் அதைவிட உத்தமம் எதுவுமில்லை, உள்ளே இருப்பது உறையாது. அதுவரை வெளியே இருக்கும் நீளத்துக்கு, பார்சலில் நான் அனுப்பியிருக்கும் கறுப்பு ரப்பர் உறையைப் போட்டு, இணைப்புகளில் மழைத்தண்ணீர் இறங்காதபடி டேப் சுற்றுங்கள். இங்கே ஏர்கோன் குழாய்க்குப் போடுகிற உறைதான் அது. இங்கே குளிர் வெளியே போகாமல் காக்கிறது, அங்கே உள்ளே வராமல் காக்கட்டும். அதற்கு எந்த ஊரில் வேலை பார்க்கிறோம் என்பது தெரியவா போகிறது.

எனக்குத் தெரிந்த இயற்பியல் இவ்வளவுதான் மாப்பிள்ளை. இனி அத்தை படித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அமுதாவுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றியாக வேண்டும். அவள் பிறந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் தேர்வுக்கு அமிலம் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன், ஓடி வந்து சேர்வதற்குள் அவள் பிறந்து, அழுது, தூங்கியும் போயிருந்தாள். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது. நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும், முதல் அழுகையைக் காதால் கேட்க வேண்டும். அதற்காக நான் மீனுக்கு டிரிப் ஏற்றியவன் என்ற பெயரோடு கிள்ளானில் மிச்ச நாளைக் கழிக்கவும் தயார்.

என் மகளுக்கு அப்பாவின் ஆசி. உங்களுக்கு என் மனம் நிறைந்த வாழ்த்து. பிறக்கப்போகிற பிள்ளைக்கு, அது ஆணோ பெண்ணோ, கேள்வி கேட்கிற புத்தியும் கதகதப்பான தொட்டிலும் வாய்க்கட்டும். பாய்லருக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
கா. பழனியப்பன்

பி.கு.: மேலே எழுதிய எதையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். இன்று சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை இந்தக் கடிதத்தைப் படிக்க உட்கார்ந்தாள். டிரிப் விஷயத்தில் சிரிப்பாள் என்று எதிரில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தேன். அவள் அதுவரை போகவேயில்லை. சதுரப் பனியிலேயே நின்றுவிட்டாள். அதையே திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு, முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்றவள், அந்தப் படத்தைக் காட்டச் சொல்லி வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "அது பனி இல்லங்க," என்றாள். "என்னோட ஐஸ்கிரீம் டப்பா."

போன ஜூலையில் உங்கள் வீட்டுப் பின்பக்கம் சுவர்க் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருக்கிறாள். ஏர்கோன் தண்ணீர் என்றுதான் நினைத்திருக்கிறாள். காலியான பெரிய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை நுனிக்கு அடியில் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் உள்ளே ஒரு கல்லும் போட்டு, குழாய் வாயை டப்பாவுக்குள் இறக்கிவிட்டு, தினம் அதில் பிடித்துக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றியிருக்கிறாள். இங்கெல்லாம் அப்படிச் செய்யக் கூடாது என்று அமுதா கடிந்துகொள்வாள் என்பதால் அவளிடம் மூச்சுவிடவில்லை. ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் அதை எடுக்க மறந்துவிட்டாள். டப்பா நிறைந்து, குளிர் வந்ததும் மொத்தமும் ஒரே கட்டியாகி, குழாயின் வாயைக் கவ்விக்கொண்டு நின்றிருக்கிறது. நீங்கள் மேலே வெந்நீர் ஊற்றி ஊற்றி ஓர் இடைவெளியைக் கரைப்பீர்கள், கீழே கட்டி அப்படியே இருக்கும், மறுநாள் மறுபடி மூடிவிடும். அங்கே இருப்பது வெள்ளைக்காரர்கள் குழாய்க்கு வைக்கிற ஏதோ சாமான் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். உங்கள் தகப்பனாரே அதை இங்கிலாந்தின் ஒழுங்கு என்றுதான் நினைத்தார். கறிவேப்பிலை மஞ்சளானதற்குக் காரணம் குளிரா புளித்த தண்ணீரா என்பதை மட்டும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. கேட்டால் அத்தை குளிர் என்கிறாள்.

எதற்காக வைத்தாய் என்று ஒரு வார்த்தைதான் கேட்டேன். அவள் படத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள். "வாயும் வயிறுமா ஆனா அவ கறிவேப்பிலைக்குக் கடை கடையா அலையக் கூடாதுன்னுதான். அவ வீட்டுத் தண்ணி சும்மா சாக்கடைக்குப் போவுது. பாக்க மனசு கேக்கல." பிறகு அவளே எழுந்து போய்க் கூடத்தில் கிடந்த பெட்டியை மூடினாள். அலமாரிக்கு மேலே தூக்கி வைக்கப் போனேன். வேண்டாம், அது இங்கேயே இருக்கட்டும், நாம் இரண்டு பேரும் போகத் தேவைப்படும் என்றாள். அமுதா அங்கேயே இருக்கலாம். நீங்களும் அவள் பக்கத்தில் இருக்கலாம்.

டப்பாவைத் தான் வைத்ததாக மாப்பிள்ளைக்கு எழுதக் கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். ஆகவே நான் அதை எழுதவில்லை, நீங்களும் படிக்கவில்லை. கைபொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றி அந்த டப்பாவைக் குழாயிலிருந்து பத்திரமாக விடுவியுங்கள். ஆனால் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்கிறாள். நன்றாகக் கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள். பிள்ளை துணி ஊறவைக்க அவளுக்கு அது வேண்டுமாம்.